ஆடி கழியட்டும் என்றது எலும்பு

செவல்குளம் ஹவுசிங் போர்டு குடியிருப்பில், சி பிளாக் இரண்டாவது மாடியில், ஆனி மாதத்துக் கடைசிச் செவ்வாய்க்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்து, டி.வி.யில் ஒரு மாமியார் மருமகள் குடிக்கிற பாலில் என்னத்தையோ கலக்கிக்கொண்டிருந்த நேரத்தில், பேச்சியம்மாளின் இடது தொடை எலும்பு தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஏளா பேச்சி, நான் காலி பண்ணுதேன்" என்றது.

பேச்சியம்மாள் டி.வி. சத்தத்தைக் குறைத்தாள். சத்தம் டி.வி.யிலிருந்து வரவில்லை. கைலாகு வைத்த பிளாஸ்டிக் நாற்காலியில், தன் சேலைக்கும் தோலுக்கும் அடியிலிருந்து வருகிறது என்று தெரிந்ததும், "எதுக்காம்?" என்று மட்டும் கேட்டாள். பேச்சி என்று பெயர் வைத்தார்களே தவிர, அவளுக்குப் பேச்சு எப்போதுமே குறைவு. முப்பத்திநாலு வருசம் சித்தாளாக இருந்தவள். கலவைச் சட்டியைச் சும்மாட்டில் ஏற்றிக்கொண்டு சாரத்தில் ஏறுகிறவளுக்கு, வாயைத் திறந்தால் மூச்சுப் போய்விடும், மூச்சுப் போனால் சட்டி போய்விடும் என்பதால், கல்யாணத்துக்குச் சரி என்று சொன்னதுகூடத் தலையை ஆட்டித்தான். அதுவும் சட்டியில்லாத நாளாய்ப் பார்த்து.

"எதுக்கா? பதினோரு மாசமா என்னை ஒருத்தன் தொட்டுப் பாக்கலை. உள்ளே பொரி மாதிரி ஆயிட்டேன். ஓட்டை வழியாக் காத்துப் போகுது. ஒரு மாசம் நோட்டீஸ் குடுத்திருக்கேன். எல்லா எலும்புக்கும் சேத்துத்தான் சொல்லுதேன். இந்த வீட்டிலே பெரியவன் நான்தானே."

"யாரு தொடலை?"

"அவன்தான். மேலே ஒட்டிக்கிட்டுக் கெடக்கானே, சதைக்காரன். அவன்கிட்ட எனக்குப் பேச்சு கிடையாது. நீயே கேட்டுச் சொல்லு."

பேச்சியம்மாள் குனிந்து தன் தொடையைப் பார்த்தாள். அதற்குள் அங்கிருந்து இன்னொரு குரல், கிணற்றுக்குள் விழுந்த ஆட்டுக்குட்டி கத்துவதுபோல ஈனமாக, "பெரியவருகிட்ட சொல்லு, என்னை யாரு கூப்பிட்டா? கூப்பிட்டாத்தானே இழுக்க முடியும்? காளை மாதிரி இருந்தேன், இப்ப அணில் மாதிரி கெடக்கேன். அவருக்கு மட்டும்தான் வருத்தமாம்" என்றது.

ஒரே வீட்டில் இருந்துகொண்டு முகத்துக்கு முகம் பேசாமல், "அந்த ஆளைச் சாப்பிட வரச் சொல்லு" என்று மூன்றாவது ஆளிடம் சொல்லி அனுப்புகிற புருசன் பெண்டாட்டிகளைப் பேச்சியம்மாள் நிறையப் பார்த்திருக்கிறாள். இரண்டு பேரும் தன் உடம்புக்குள்ளே இருந்துகொண்டே தன்னையே தபால்காரி ஆக்கிவிட்டார்களே என்றுதான் அவளுக்கு இருந்தது.

இந்தச் சண்டை எப்படி வந்தது என்றால், ஒரு சொல்லால் வந்தது.

போன வருசம் ஆனியில் பேச்சியம்மாள் குளியலறையில் வழுக்கி வலது மணிக்கட்டை ஒடித்துக்கொண்டாள். மாவுக்கட்டுப் போட்டு, ஒன்றரை மாசத்தில் பிரித்து, புது டாக்டர் பெனிட்டா கையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, காலையும் பிடித்துப் பார்த்துவிட்டு, தமிழில் எழுதிக்கொடுத்தால்தான் சனங்களுக்குப் புரியும் என்ற நல்ல எண்ணத்தில், உருண்டை உருண்டையான எழுத்தில், 'எலும்பு கூடிவிட்டது. தசை பலவீனம். கவனம் தேவை' என்று சீட்டில் எழுதிக்கொடுத்தாள்.

பேச்சியம்மாளின் மகன் மாசானம் பால் சொசைட்டியில் எழுத்தர். அவன் பிறந்த ஊரிலும் வளர்ந்த தெருவிலும் சதைக்குச் சதை என்றுதான் பேர். தசை என்று ஒன்று இருப்பது ஜாதகத்தில் மட்டும்தான். சுக்கிர தசை, ராகு தசை, சனி தசை. டாக்டரே எழுதிக் கொடுத்துவிட்டாள், அம்மாவுக்குத் தசை பலவீனம் என்று. படித்த பிள்ளை, எக்ஸ்ரேயிலேயே கிரகத்தைக் கண்டுபிடித்துவிட்டாளே என்று மெச்சிக்கொண்டு, சீட்டோடு நேரே ஜோசியர் உலகநாதனிடம் போனான். பேச்சியம்மாளுக்கு ஜாதகம் கிடையாது. ஆற்றுப் பாலம் வெள்ளத்தில் போன வருசம், பொங்கலுக்கு முந்தி, கோழி கூவின பிறகு பிறந்தவள் என்பதுதான் கணக்கு. உலகநாதன் அதை வைத்தே கட்டம் போட்டு, டாக்டர் சீட்டையும் கட்டத்தையும் மாறி மாறிப் பார்த்து, "டாக்டரம்மா சரியாத்தான் சொல்லியிருக்கா. சனி தசை. இன்னும் ஏழு வருசம் பாக்கி. கால் வைக்கிற இடமெல்லாம் இடறும். ஏறாம இறங்காம, தூக்காம கொள்ளாம, வீட்டோட உக்காத்தி வைங்க" என்றார்.

மாசானம் உட்கார்த்தி வைத்தான். அவன் செய்ததைக் கொடுமை என்று யாரும் சொல்ல முடியாது. அவனுடைய அப்பா சங்கிலிக் கொத்தனார் ஒரு கல்யாண மண்டபத்துச் சாரத்திலிருந்து விழுந்தபோது, ஒன்பது வயது மாசானம் கீழே தூக்குச்சட்டியோடு நின்றுகொண்டிருந்தான். அதற்குப் பிறகு ஒருத்தர் கால் தரையைவிட்டு ஒரு முழம் மேலே போனாலும் அவன் ஓடிப்போய்க் கீழே இறக்கிவிடுவான். கைலாகு நாற்காலி வாங்கினான். மருமகள் கோமதியோ தங்கமான பெண், அத்தையின் தம்ளரைக்கூட வாய்வரைக்கும் கொண்டுபோய்க் கொடுத்தாள். காலை நாற்காலி, மத்தியானம் நாற்காலி, சாயங்காலம் கட்டில். பேச்சியம்மாள் எழுந்தால், "அத்தை, அத்தை, நான் வாரேன்", திரும்பினால், "அம்மா, அம்மா, இரு." இப்படி அன்பாகவே பதினோரு மாசம் போயிற்று, அன்பிலேயே தொடை சுருங்கிற்று, அன்பிலேயே எலும்பு பொரிந்தது.

எலும்பு நோட்டீஸ் கொடுத்த செய்தி சாயங்காலத்துக்குள் சி பிளாக் பன்னிரண்டு வீட்டுக்கும் தெரிந்துவிட்டது. ஆச்சரியப்பட நேரமில்லை, ஆகவேண்டியதைப் பார்க்க வேண்டியிருந்தது. குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஞானதுரை, தபால் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர், சங்க நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு வந்து, பேச்சியம்மாளின் முழங்காலுக்கு நேராக ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

"காலி பண்ணப்போறது யாரு?"

"நான்தான். எலும்பு."

"எத்தனை பேரு?"

"இருநூத்தி ஆறு. ஒரு பல்லு விடாமக் கேட்டீருன்னா, பல்லு எங்க கணக்கிலே சேராது வே."

ஞானதுரை எழுதிக்கொண்டார். "இன்னைக்கு நோட்டீஸ்னா, ஒரு மாசம் கழிச்சு எந்த நாள் வருது?" என்று காலண்டரைப் புரட்டியவர், கண்ணாடியைக் கழற்றினார். "ஆடியிலேல்லா முடியுது."

கூட்டம் ஒரு முனகல் முனகியது. ஆடி மாதத்தில் யாராவது வீடு மாறுவார்களா? பிடிக்காத வீட்டுக்காரனிடம்கூட ஆடி முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு, ஆவணி பிறந்த பிறகுதானே பால் காய்ச்சப் போவார்கள்? எலும்பு, தன் தவறைப் பிறர் கண்டுபிடித்துவிட்ட பெரிய மனுசனின் குரலில், "நான் என்ன முறை தெரியாதவனா? ஆடி கழியட்டும். ஆவணி ஒண்ணாந்தேதி காலையிலே நல்ல நேரம் பாத்து எறங்கிருவேன்" என்றது.

"அப்ப அத்தை?" என்றாள் கோமதி.

"அவ இருப்பா. சதையும் தோலுமா, நாற்காலியிலே, ஊறப்போட்ட துணி மாதிரி. அதான் உங்களுக்கும் வேணும்போல."

மாசானம் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

ஆடி மாதம் முழுக்க சி பிளாக், எலும்பை வைத்துக்கொண்டு வாழப் பழகியது. கீழ்வீட்டுத் தையல்கார ரஹ்மத் காலையில் மாடியேறி வந்து, "பேச்சியக்கா, இன்னைக்கு மழை உண்டுமான்னு கொஞ்சம் கேளு, பாவாடைத் துணி காயப்போடணும்" என்பாள். கணுக்கால் எலும்பு, "மூணு மணிக்கு மேலே" என்று சொல்லும். மூன்று பத்துக்குத் தூறும். ஒரு வீட்டுத் தரகன் வந்து, எலும்பு காலி செய்தபிறகு அந்த இடத்துக்கு ஆள் பார்த்திருக்கிறீர்களா, தன்னிடம் நல்ல பார்ட்டி இருக்கிறது என்று சொல்லி, கோமதியிடம் விளக்குமாற்று அடி வாங்காமல் தப்பினான். எலும்பைச் சமாதானப்படுத்த முதல் மாடிக்காரர்கள் பெரிய போணி நிறைய நெஞ்செலும்பு சூப் வைத்துக் கொண்டுவந்தார்கள். மூடியைத் திறந்ததும் எலும்பு போட்ட கூப்பாடு பி பிளாக் வரைக்கும் கேட்டது: "எங்க சொந்தக்காரனை வேகவச்சு எனக்கே ஊத்த வந்திருக்கீங்களோ! இதுக்கு உக்காந்து துக்கம் விசாரிக்கணுமா, குடிக்கணுமா?" சூப்பை ஞானதுரை குடித்தார்.

நல்ல நேரம் குறித்துத் தர வந்த ஜோசியர் உலகநாதன், எலும்பு இறங்கவேண்டியது திங்கட்கிழமை, காலை ஆறிலிருந்து ஏழரைக்குள், ஏழரைக்கு ராகு காலம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, பழக்கதோஷத்தில், "எல்லாம் சனி தசையோட வேலை" என்றார்.

"எந்தச் சனி?" என்றது எலும்பு. "இந்த உடம்புக்குள்ளே நான் பாக்காத ஆளா? நான் இருக்கேன், அந்தச் சதைக்காரன் இருக்கான், ரத்தம்னு ஒருத்தன் ஓடிக்கிட்டே இருக்கான். சனின்னு ஒருத்தரும் குடியிருக்கலை."

அப்போதுதான் மாசானத்துக்குச் சந்தேகம் தட்டியது. மறுநாள் டாக்டரிடம் கொண்டுபோக நாலு பேர் அம்மாவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு படியிறங்கினார்கள். கீழேயிருந்து எண்ணினால் இருபத்திமூன்றாவது படியில் நாலு பேரும் வரிசையாகத் தடுமாறினார்கள். அந்தப் படி மட்டும் மற்ற படிகளைவிட அரை இஞ்ச் உயரம். சி பிளாக்கில் அதில் இடறாத ஆள் கிடையாது. ஏன் அப்படி என்று தெரிந்த ஒரே ஆள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவளை யாரும் கேட்டதில்லை.

டாக்டர் பெனிட்டா எலும்பும் சதையும் பேசுவதைக் கேட்டு முடித்து, ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, "எல்லாருக்கும் உள்ளே பேசும்மா. உங்களுது கொஞ்சம் சத்தமாப் பேசுது, அவ்வளவுதான்" என்றாள். பிறகு, "நான்தான் அன்னைக்கே எழுதிக் குடுத்தேனே, பதினோரு மாசம் என்ன செஞ்சீங்க?" என்று கேட்டாள்.

"நீங்க சொன்னபடியேதான் டாக்டர். தசை சரியில்லைன்னு எழுதினீங்க. சனி தசை முடியட்டும்னு அம்மாவை அசைய விடலை" என்றான் மாசானம்.

டாக்டர் தன் வெள்ளைக் கோட்டின் கையை மடக்கி, முழங்கைக்கு மேலே இரண்டு விரலால் கிள்ளிக் காட்டி, "சார், தசைன்னா இது சார். இந்தத் தசை!" என்று கிட்டத்தட்ட அழுதாள்.

"அது சதைல்லா?" என்றான் மாசானம்.

அறையில் இருந்தவர்களில் சிரித்தது எலும்பு மட்டும்தான். பொரிக்கடையில் சாக்கைக் குலுக்கினதுபோல ஒரு சிரிப்பு.

சதை இழுக்க இழுக்கத்தான் எலும்பு கெட்டிப்படும் என்றும், எலும்பு நிற்க நிற்கத்தான் சதைக்குப் பிடிமானம் என்றும், சதை வேலை செய்தால் ரத்தத்தில் ஒரு சேதி விட்டு எலும்பைத் தட்டி எழுப்பும், எலும்பும் பதிலுக்கு ஒன்று அனுப்பும் என்றும், ஒருத்தர் சும்மா இருந்தால் இன்னொருத்தரும் கரைந்துபோவார் என்றும் டாக்டர் விளக்கினாள். கூட வந்திருந்த ஞானதுரை, "அப்ப உள்ளே ஒரு தபால் ஆபீஸே நடக்குதுன்னு சொல்லுங்க. பதினோரு மாசமா ஸ்டிரைக்கு" என்றார். முட்டை, கடலை, கீரை, கொஞ்சம் வெயில், மாத்திரை எல்லாம் எழுதிக்கொடுத்து, எல்லாவற்றுக்கும் மேலே உட்கார்ந்து எழுந்திருக்க வேண்டும், ஏற வேண்டும், இறங்க வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாகச் சுமக்க வேண்டும் என்று இந்தமுறை யாருக்கும் சந்தேகம் வராதபடி படம் போட்டே கொடுத்தாள்.

ஜோசியர் உலகநாதன் விசயத்தைக் கேள்விப்பட்டு, "பலன்லே பிழை இல்லை, கேள்வியிலேதான் பிழை" என்று சொல்லி, வாங்கின தட்சிணைக்கு ஈடாக ஒரு தட்டு முட்டை வாங்கிக் கொடுத்தனுப்பினார்.

ஆனால் மாசானத்துக்குப் புத்திக்குப் புரிந்தது பயத்துக்குப் புரியவில்லை. அம்மா நாற்காலியின் கைலாகில் கையை ஊன்றினாலே அவனுக்குச் சாரக்கம்பு முறிகிற சத்தம் கேட்டது. "நாளைக்கு ஆரம்பிக்கலாம்மா" என்பான். நாளைக்கும் நாளைக்கு என்பான். ஆடிப்பெருக்கு போயிற்று. எலும்பு நாள் எண்ணிக்கொண்டிருந்தது.

பேச்சியம்மாள் மகனோடு வாதாடவில்லை. ஒரு மத்தியானம், மகன் சொசைட்டியில் இருந்த நேரத்தில், சீரியல் நடுவில் விளம்பரம் வந்ததும், "கோமு, அந்தக் கதவைச் சாத்து தாயி" என்றாள். பிறகு தொடையில் தட்டி, "ஏ, எந்திரி" என்றாள்.

"யாரை, என்னையா?" என்றது சதை.

"உன்னைத்தான். வேற யாரு இருக்கா?"

"எனக்கு நெனைப்பே இல்லையே. எங்கேருந்து இழுக்கணும்?"

"முழங்காலுக்கு மேலேருந்து. நிறைசட்டின்னு நெனைச்சுக்கோ."

முதல் நாள் சோப்பு விளம்பரத்தில் பாதி எழுந்து தொப்பென்று உட்கார்ந்தாள். இரண்டாம் நாள் சோப்பிலும் மசாலாப் பொடியிலும் எழுந்து நின்றாள். ஐந்தாம் நாள் நகைக்கடை விளம்பரம் முழுவதும் நின்றாள். நகைக்கடைக்காரர்கள் நீளமாக விளம்பரம் கொடுப்பதற்காக அவர்களை வாழ்த்தினாள். கோமதி பக்கத்தில் கையை விரித்துக்கொண்டு, தொடாமல், தொடாமல் இருப்பதற்கே பெரிய முயற்சி எடுத்துக்கொண்டு நின்றாள். பிறகு ரஹ்மத் வந்து சேர்ந்தாள். தைத்த துணி மூட்டையை இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குக் கொண்டுபோய் வைக்கச் சொன்னாள். நாள் ஒன்றுக்கு இரண்டு ஜாக்கெட் மூட்டையில் கூடியது. ராத்திரி மாசானம் வரும்போது மூன்று பெண்களும் ஒன்றும் நடக்காதவர்கள்போல அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருப்பார்கள். ஆனால் சதைக்கு வாய் சும்மா இருக்காது. "மேலெல்லாம் வலிக்கு! மேலெல்லாம் வலிக்கு!" என்று சந்தோசமாகக் கத்தும். அது பசிக்கு அழுகிறது என்று கோமதி சமாளிப்பாள்.

எலும்பு மட்டும் இறங்கி வரவில்லை. "பாக்கத்தானே செய்யுதேன்? பத்து நாள் வேலைக்குப் பதினோரு மாசம் சரியாப் போயிருமா? நோட்டீஸ் நோட்டீஸ்தான். அவன் என்கிட்ட ஒரு வார்த்தை நேராப் பேசினானா?"

"பெரியவருல்லா முதல்ல பேசணும்" என்றது சதை.

"சின்னவன்லா முதல்ல பேசணும்."

ஆவணி ஒன்றாந்தேதி திங்கட்கிழமை. காலை ஆறு மணிக்கே சி பிளாக் முழுக்கப் படிக்கட்டில் நின்றது. ஞானதுரை நோட்டோடு வந்தார். கோமதி அழுது முகம் வீங்கியிருந்தாள். மாசானம் அம்மாவின் காலடியில் உட்கார்ந்து, அவள் இரண்டு பாதத்தையும் பிடித்துக்கொண்டிருந்தான், பிடித்துக்கொண்டிருந்தால் உள்ளே இருப்பது போகாது என்பதுபோல.

"நேரமாச்சு" என்றது எலும்பு. "அப்படியே பாதம் வழியா உருவிக்கிட்டுப் போயிருதேன். ஒரு நிமிச வேலை. வலிக்காது."

பேச்சியம்மாள் வாயைத் திறந்தாள். அவ்வளவு நீளமாக அவள் பேசி யாரும் கேட்டதில்லை. "அது களவாணிப்பய போக்கு. அறுவத்திரெண்டு வருசம் இருந்த வீட்டிலேருந்து ஓட்டைப் பிரிச்சுக்கிட்டா போவாங்க? முறை முறைன்னு குதிச்சியே, வாசல் வழியாப் போ. படியெறங்கிப் போ. கீழே போயி, செயலாளர் ஐயா ரசீது போட்டுத் தருவாவ, வாங்கிக்கிட்டு, அப்புறம் எங்க வேணும்னாலும் போ. உன்னை நான் நிப்பாட்டலை."

முறை என்ற சொல்லைக் கேட்டால் எலும்பு மறுத்துப் பேசாது. "சரி, எறங்குவோம்" என்றது. சொன்ன பிறகுதான் அதற்கு ஒரு விசயம் உறைத்தது. எலும்பு தானாக நடக்காது. இழுக்க ஆள் வேண்டும்.

எல்லாரும் காத்திருந்தார்கள். குக்கர் ஒன்று எங்கோ மூன்று விசில் அடித்தது. கடைசியில் எலும்பு, ஊரிலிருந்து வந்த கடிதத்தைப் படிக்கிறவன்போலத் தட்டுத் தடுமாறி, "தம்பி... கொஞ்சம் பிடி" என்றது.

"எத்தனை நாளாச்சு பெரியவரே, நீங்க என்னைக் கூப்பிட்டு" என்றது சதை. பேச்சியம்மாள் நாற்காலியைவிட்டு எழுந்தாள்.

மாசானம் கத்த வாயெடுத்தான். கோமதி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். பேச்சியம்மாள் வாசலைத் தாண்டி, கைப்பிடிச் சுவரில் ஒரு கையை வைத்து, நாற்பத்திரண்டு படியில் முதல் படிக்குக் காலை விட்டாள். மாசானம் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அவளுக்கு முன்னால் பின்பக்கமாகவே இறங்கினான், மழைத்தண்ணியைக் கையால் தடுக்கப் பார்க்கிறவனைப்போல. அவள் இறங்க இறங்க உள்ளே இரண்டு பேரும் பேச ஆரம்பித்தார்கள். "இந்தப் பக்கம் கொஞ்சம் விடு." "விட்டாச்சு." "இப்ப பிடி." "பிடிச்சாச்சு. நீங்க நிமுந்து நில்லுங்க." "நான் நிக்கேன், நீ இழு." கலவைச் சட்டி கைமாறுகிறபோது சாரத்தில் கேட்குமே, அந்த மாதிரிப் பேச்சு.

அந்த இருபத்திமூன்றாவது படியில் நின்று, அடுத்த படிக்கு அவள் வைத்த கால், படி இருக்கவேண்டிய இடத்தில் படியைக் காணாமல் அரை இஞ்ச் காற்றில் தேடியது. உடம்பு முன்னால் சரிந்தது. மாசானம் ஒன்பது வயதுக்காரனாகித் தூக்குச்சட்டியோடு நின்றான். அதே கணத்தில் உள்ளேயிருந்து, "பிடி!" என்று ஒரு குரலும், "நில்லும்!" என்று ஒரு குரலும் ஒன்றாக வெடித்தன. தொடை கல்லாக இறுகியது. கால் கீழ்ப்படியில் ஊன்றியது. பேச்சியம்மாள் ஆடி, ஆடி, நின்றாள்.

யாரும் அவளைத் தொடவில்லை. தொடுவதற்கு நேரமிருக்கவில்லை.

அவள் மூச்சு வாங்கிக்கொண்டு, மகன் முகத்தைப் பார்த்து, "பயப்படாதலே. இது நீ பொறந்த படி" என்றாள்.

"என்னது?"

"இந்த பில்டிங்குக்கு நான்தான் சட்டி சுமந்தேன். உங்க அப்பா இந்தப் படிக்குக் கலவை போட்டுக்கிட்டிருக்கையிலே எனக்கு வலி வந்துட்டு. சட்டியை இங்கதான் எறக்கி வச்சேன். அந்த மனுசன் கரண்டியைப் போட்டுட்டு என்னைத் தூக்கிக்கிட்டு ஓடிட்டாரு. மிச்சத்தை எவனோ கைக்கு வந்தபடி பூசிட்டான். அரை இஞ்ச் ஏறிப் போச்சு. மறுநாள் மேஸ்திரி இடிச்சுரலாமான்னு கேட்டதுக்கு, 'எம் மவன் பொறந்த படி, கெடக்கட்டும்'னுட்டாரு."

மாசானம் அந்தப் படியில் உட்கார்ந்துவிட்டான். தினமும் சாயங்காலம் இடறி, தினமும் திட்டிய படி. அவன் எழுந்தபோது கைகளை விரிக்கவில்லை. முன்னாலும் போகவில்லை. அம்மாவுக்குப் பின்னால், ஒரு படி விட்டு, சும்மா கூட நடந்து வந்தான்.

கீழே ஸ்கூட்டர்கள் நிற்கிற இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். ஞானதுரை நோட்டை விரித்தார். ஒரு வருசத்துக்குப் பிறகு, தன் சொந்தக் காலில் நிற்கையில் பேச்சியம்மாளுக்குத் தலையில் வெயில் பட்டது. "வண்டி வந்துட்டா?" என்றது எலும்பு, ஆனால் குரலில் பழைய விறைப்பு இல்லை.

"ஐயோ" என்றாள் பேச்சியம்மாள். "சாவியை டி.வி. மேலேயே வச்சுட்டு வந்துட்டேனே. சாவியை ஒப்படைக்காம எப்படிக் காலி பண்ணுவே?"

எலும்புக்கு எந்தக் கதவுக்கு எந்தச் சாவி என்று கேட்கத் தோன்றவில்லை. ஞானதுரை அவளைப் பார்த்தார். முப்பத்தாறு வருசம் தபால் இலாகாவில் குப்பை கொட்டியவருக்கு ஒரு விசயத்தை எப்படித் தாமதப்படுத்துவது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. "சாவி இல்லாம ரசீது கிடையாது. சங்கத்துத் தீர்மானம்" என்று நோட்டைப் பட்டென்று மூடினார்.

"அப்ப ஏறணுமா?" என்றது எலும்பு.

"ஏறலாமே பெரியவரே" என்றது சதை. "எறங்கினது மாதிரிதானே. நான் இழுக்கேன்."

இறங்குவதுபோல இல்லை ஏறுவது. ஒவ்வொரு படிக்கும் சதை முழு உடம்பையும் எலும்பின்மேல் வைத்து இழுத்தது. இழுக்க இழுக்க, எலும்புக்குத் தன் உள்ளோட்டைகளில் ஏதோ குறுகுறுத்தது. சாரமும் கலவையும் வெயிலுமாக இருந்த அந்தக் காலத்தில் தினமும் இருந்து, எப்போதும் இருக்கும் என்று நினைத்து, இல்லாமல்போன பிறகுதான் தெரிந்த அந்தக் குறுகுறுப்பு. முதல் மாடியில் எலும்பு, "கொஞ்சம் நின்னு போவோம்" என்றது. பிறந்த படியில், "பாத்து, இடறும்" என்றது. "தெரியும்" என்றது சதை. ரஹ்மத் முன்னால் ஏறிக்கொண்டே, "இன்னும் பதினஞ்சுதான் பேச்சியக்கா, பதினாலுதான்" என்று ஏலம் போட்டாள்.

பேச்சியம்மாள் வீட்டுக்குள் வந்து, டி.வி.மேல் இருந்த சாவியைக் கையில் எடுத்த நேரத்தில், எதிர்வீட்டுக் கடிகாரம் அடித்தது. மணி ஏழரை.

"ராகு காலம் வந்துட்டே" என்றாள் கோமதி, அழுகையும் சிரிப்புமாக.

எலும்பு ஒரு நீண்ட பெருமூச்சு விட்டது. "ராகு காலத்திலே எறங்க முடியாது. நாளைக்குப் பாப்போம்."

மறுநாள் அவர்கள் காலி செய்ய இறங்கினார்கள். சாவி மேலேயே இருந்துவிட்டது. அதற்கு மறுநாளும் இறங்கினார்கள், அன்றைக்கும் சாவி மேலே இருந்துவிட்டது. கார்த்திகையில் அவள் இறங்கும்போது ரஹ்மத்தின் துணிமூட்டையையும் ஏறும்போது அரைக்குடம் தண்ணீரையும் கொண்டுபோனாள், தையில் முழுக்குடம். கைலாகு நாற்காலியில் இப்போது ஞானதுரை உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். அவருடைய முழங்கால் அவரிடம் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறது என்று அவர் யாரிடமும் சொல்வதில்லை. மறு வருசம் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டர் பெனிட்டா, ஓட்டை எல்லாம் அடைந்துவிடவில்லை, அதெல்லாம் இந்த வயதில் அடையாது, ஆனால் புது ஓட்டை ஒன்றுகூட விழவில்லை என்றாள். 'தசை நன்றாக இருக்கிறது' என்று எழுதப்போனவள், தசையை அடித்துவிட்டு 'சதை' என்று எழுதினாள்.

இன்றைக்கும் சி பிளாக்கில் காலையில் நடக்கப் போகிறவர்கள் நடக்கப் போகிறேன் என்று சொல்வதில்லை, காலி பண்ணிட்டு வாரேன் என்றுதான் சொல்கிறார்கள். புதிதாகக் குடிவந்தவர்கள் கொஞ்சநாள் பயப்படுகிறார்கள். பேச்சியம்மாள் ஆறு மணிக்கு இறங்குகிறாள். உள்ளே இரண்டு பேரும் ஓயாமல் பேசுகிறார்கள், அவளுக்குத்தான் காது வலிக்கிறது. ஸ்கூட்டர் நிற்கிற இடத்துக்கு வந்ததும் எலும்பு தவறாமல், "சாவி?" என்று கேட்கிறது. பேச்சியம்மாள் தவறாமல் இடுப்பைத் தடவிப் பார்க்கிறாள்.

சாவியை மட்டும் அவள் ஒருநாளும் கூட எடுத்துக்கொண்டு இறங்கியதில்லை.